அறுத்த வயலில் நீ ஓட்டிய வண்டி

மக்கா,

இன்று காலை தோவாளையில் பூக்கூடைகளைக் கட்டிக்கொண்டு ஒரு பழைய மோட்டார்சைக்கிள் என்னைத் தாண்டிப் போனது. பெட்ரோலோடு ஆயில் சேர்ந்து எரியும் அந்தப் புகை. முன்னால் நின்ற பஸ் நகர்ந்த பிறகும் நான் ஸ்கூட்டரை நகர்த்தவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்து என்னை விரட்டினார்கள்.

வளைகுடாவில் ஒரே அறையில் கிடந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் நாம். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனபோதுதான் நம்முடைய வண்டியைக் கண்டோம். கொல்லையில் நின்றது, மேலே கோழிகள் அடைந்திருந்தன. நீ குனிந்து தடவிப் பார்த்தாய். "லேய், இதுல கிக்கரும் கியரும் ஒண்ணாக்கும். காலேஜுக்குப் போம்ப இத ஓட்டுகவனப் பாத்து எம்புட்டு ஏங்கியிருக்கேன் தெரியுமா?"

அப்போதே சர்க்கரை நோய் உன் வலது கண்ணை எடுத்திருந்தது. இடது கண்ணிலும் மூட்டம். அதுவும் நிற்காது என்று டாக்டர் சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நீ சொன்னது இவ்வளவுதான்: "இது போறதுக்குள்ள அத ஓட்டிரணும் மக்கா."

விலைபேசிக் கொண்டுவந்த வண்டியோ அவசரப்படவில்லை. பிஸ்டன் இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, அசைகிறதா என்று தினமும் பார்த்தோம். டேங்கின் துருவை எடுக்க உள்ளே சிறு ஜல்லியைப் போட்டு, ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டினோம். "பேரப்பிள்ளையத் தொட்டில்ல ஆட்டுக வயசுல ரெண்டுபேரும் எதப் போட்டு ஆட்டுகியோ பாரு," என்று உன் மனைவி சரசு சிரித்தாள். கருங்கல் ஊர்க் கடைகளில் தேடிப்பிடித்த கிளட்ச் பிளேட் பொருந்தவில்லை. கார்புரேட்டர் ஒழுகியது. நாம் ஒன்றைச் சரிசெய்தால் வண்டி இன்னொன்றைக் காட்டியது.

பெயின்ட் அடித்து டேங்க் வந்தபோது உன் பார்வை முழுதும் போயிருந்தது. மடியில் வைத்துத் தடவினாய்.

"என்ன நெறம்டே?"

"நீ சொன்ன செவப்புதான்."

"எப்பிடிப்பட்ட செவப்பு? சரியாச் சொல்லு."

டேங்கையே வெகுநேரம் பார்த்து, முந்திரி மரம் நினைவுக்கு வர, "பழுத்துக் கீழ விழப்போற கொல்லாம்பழம் மாதிரி," என்றேன். உன் முகம் மலர்ந்தது. ஒரு நிறத்தை அப்படி நான் அதுவரை பார்த்ததில்லை.

வண்டி உயிர் பிடித்த நாளில் தெருவெல்லாம் புகை. கண் போனதற்கு அழாத நீ அன்று அழுதாய். பிறகு சீட்டில் ஏறி உட்கார்ந்து, "பின்னால ஏறுடே," என்றாய். சரசு தடுப்பாள் என்று அவளைப் பார்த்தேன். அவள் தெருவுக்கு அப்பாலிருந்த வயலைக் காட்டினாள்.

"அறுப்பு முடிஞ்ச வயலுதான அண்ணே. விழுந்தாலும் மண்ணுதான். கூட்டிட்டுப் போங்க."

அறுத்துவிட்ட நெல்லின் தாளடி மேல் நீ ஓட்டினாய். உன் தோளைப் பிடித்துக்கொண்டு நான் வழி சொன்னேன். "இடத்தோட்டு. நேரே. வரப்பு வருது, பைய, பைய!"

"வரப்ப மட்டும் சொல்லாத. வேற என்ன இருக்கு?"

கொக்குகள் எழும்புவதைச் சொன்னேன். மலைமேல் மேகம் இறங்கியிருப்பதைச் சொன்னேன். வரப்பில் சரசு தலையில் கைவைத்து நிற்பதைச் சொன்னேன்.

"சிரிக்காளா?"

"சிரிக்கா. அழவும் செய்யா."

அடுத்த திருப்பத்தில் இருவரும் சாய்ந்தோம். முன்பக்கக் கம்பி வளைந்தது. அதை நிமிர்த்த நீ கடைசிவரை விடவில்லை. "கெடக்கட்டும். நான் ஓட்டுனதுக்கு அடையாளமாக்கும்."

அடுத்த அறுப்பு வரை நீ இருக்கவில்லை. வண்டி சரசுவிடம்தான் இருக்கிறது, யாருக்கும் கொடுக்கமாட்டாள். வெயில் படாமல் மூடி வைத்திருக்கிறாள்.

என்னிடம் மிஞ்சியது இந்தப் பழக்கம்தான். கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகிறேன். நேற்றுச் சாயங்காலம் என் ஸ்கூட்டரில் தனியாக வந்தேன். "இடப்பக்கம் குளம் மக்கா. தாமரை விரிஞ்சு கெடக்கு. ஒரு முக்குளிப்பான் முங்குது," என்றேன்.

முங்கிய பறவை எங்கே எழும்புகிறது என்று உனக்குச் சொல்ல வேண்டுமே. வண்டியை ஓரமாக நிறுத்தி, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.