இரண்டு சாக்குச் சட்டைகளும் ஒரு மலையணிலும்

நேற்று பெய்த மழையில் எங்கள் தெருக் காய்கறிக் கடை வாசலில் கிடந்த வெங்காயச் சாக்குகள் நனைந்துவிட்டன. குடையோடு அந்தப் பக்கம் போன எனக்கு ஈரச் சணல் வாசம் மூக்கில் ஏற, அப்படியே நின்றுவிட்டேன். "என்னக்கா வேணும்?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்டார். எனக்கு ஒன்றும் வேண்டாம். உன் நினைப்பு வந்திருந்தது, அவ்வளவுதான்.

திருத்தங்கலில் நீயும் நானும் அடுத்தடுத்த வீடு. நீ விருதுநகரில் தானிய மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் பழைய சாக்கு தைத்தாய். நான் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் மை படிந்த அச்சுப் பிளேட் கழுவினேன். கேமராவுக்குள் பிலிம் போட்ட கடைசிக் காலம் அது. ஒரு திங்கட்கிழமை, மலையடிவாரத்தில் இருக்கும் உன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்தவள், செருப்பைக் கூடக் கழற்றாமல் என் அடுக்களைக்குள் வந்து நின்றாய்.

"மாந்தோப்புல நிக்குற ரெண்டு புளியமரத்தையும் வெட்டப் போறாகடீ. அதுல மலையணில் கூடு கட்டிருக்கு. குட்டியும் கெடக்கு. நான் பாத்தேன்."

தோப்புக்கார அண்ணாச்சியிடம் நீ அப்போதே போய்ச் சொல்லியிருக்கிறாய். அவர் சிரித்தாராம். "முப்பது வருசமா என் தோப்பு இது. என் கண்ணுல படாத அணிலு உன் கண்ணுல மட்டும் பட்டுச்சாக்கும்? படம் புடிச்சுக் கொண்டா, பாப்போம்." மரம் அறுக்க ஆள் வருவதற்கு இரண்டு வாரம் இருந்தது.

எங்கள் அச்சகத்தில் காலண்டருக்குப் படம் எடுப்பவரிடம் கெஞ்சி ஒரு கேமரா வாங்கினேன். அந்த ஞாயிறு இருவரும் போனோம். உன் சேலை சிவப்பு, என்னுடையது மஞ்சள். நாம் வேலியைத் தாண்டும்போதே உச்சிக் கிளையில் ஏதோ சடசடவென்று ஓடியது. சாயங்காலம் வரை ஒரு வால்கூடத் தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்தது. நீயோ சீட்டு நுனியில் உட்கார்ந்து, கண் மின்ன, என் தொடையில் அடித்தாய். "நம்மளப் பாத்துத்தான ஓடுது? நாம மனுசியா இருக்க வேண்டாம்டீ. மரமா இருப்போம். சாக்கு எங்கிட்ட இருக்கு."

அந்த ஒரு வாரம் நாம் பட்ட பாடு! முதலில் நீ கொண்டுவந்தது மிளகாய்ச் சாக்கு. தலை வழியாகப் போட்டதும் நான் போட்ட தும்மலில் எதிர்வீட்டு ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. மறுநாள் உளுந்துச் சாக்கு வந்தது. இரண்டு தண்ணீரில் அலசி, தலை மூடியே இருக்கும்படி கைக்கு மட்டும் ஓட்டை வெட்டி, கோணி ஊசியால் ஓரம் அடித்தாய். நான் கெட்டிக்காரத்தனமாக அச்சகத்திலிருந்து பச்சை மை கொண்டுவந்து பூசினேன். நீ முகர்ந்து பார்த்தாய். "இது மரம் மாதிரியா இருக்கு? அச்சாபீசே எந்திரிச்சு நடந்து வர்ற மாதிரி இருக்கு!" அந்தச் சாக்கைத் தூரப் போட்டுவிட்டு வேறு எடுத்தோம்.

டீத்தூள் கொதிக்கவைத்த தண்ணீர், அடுப்புக்கரி, கரிசல் மண், அரைத்த வேப்பிலை. ஒரே நிறமாக இருந்தால் மூட்டை மாதிரிதான் தெரியும் என்று, திட்டுத் திட்டாக, ஒழுங்கே இல்லாமல் அப்பினாய். சணல் நூலைப் பிரித்துக் கொத்துக் கொத்தாகத் தோளிலும் தலையிலும் கட்டினோம். தோளின் வளைவு மறைந்துபோனது. முகத்துக்கு நேரே நூலை ஒன்றுவிட்டு ஒன்று உருவி எடுத்தாய். உள்ளிருந்து பார்த்தால் உலகம் தெரிந்தது. வெளியிலிருந்து முகம் தெரியவில்லை.

சனிக்கிழமை கொல்லையில் முருங்கை மரத்தடியில் போட்டுப் பார்த்தோம். என் வீட்டுக்காரர் வந்து, நம் இருவருக்கும் மூன்றடி தள்ளி நின்று, "இவளுக ரெண்டு பேரும் எங்கன போய்த் தொலைஞ்சாளுக?" என்று வாய்விட்டுச் சொன்னார். "இங்கனதான் இருக்கோம்ண்ணே" என்றது உன் சாக்கு. மனிதர் வேலியேறிக் குதித்துவிட்டார்!

மறுநாள் முதல் பஸ். விடியும்போது புளியமரத்துக்கு எதிரே புதரோரம் உட்கார்ந்தோம். உடம்பெல்லாம் சணல் குத்தியது. எறும்பு காலில் ஏறியது. ஒரு மைனா உன் தலையில் வந்து உட்கார்ந்து, சணலை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனது. சிரிப்பை அடக்க நீ பட்ட பாட்டில் சாக்கே குலுங்கியது.

பிறகு அது வந்தது. சாம்பல் நிறம், உடம்பை விட நீண்ட வால். நேரே நம்மைப் பார்த்தது. நான் மூச்சு விடவில்லை. நம்மை ஒரு பொருட்டாகவே எண்ணாமல் கூட்டுக்குள் புகுந்து, வாயில் குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்து, கிளைகள் உரசும் இடத்தில் மாமரத்துக்குத் தாவியது. நான் கேமராப் பொத்தானை அமுக்கினேன், அமுக்கிக்கொண்டே இருந்தேன். பிலிம் தீர்ந்த பிறகுதான் பக்கத்தில் திரும்பினேன். முகத்திரை நனைந்து உன் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

கழுவி வந்த படங்களில் ஒன்றுதான் தெளிவு. அந்த ஒன்றில் குட்டியின் கண்கூடத் தெரிந்தது. அண்ணாச்சி கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றித் துடைத்து மறுபடியும் பார்த்தார். "இம்புட்டுக் கிட்டக்க நீங்க எங்கன இருந்தீக?" அவர் மறுபடி படத்தில் குனிந்திருக்க, நீ பையிலிருந்து சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் தோப்பு வேலியோரம் போய் நின்றாய். நிமிர்ந்தவர் உன்னைத் தேடத் தொடங்கினார். கண்டுபிடித்ததும் சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினார். "ஏ யம்மா! நெசமாவே தெரியலயே!"

அறுக்க வந்தவர்களைத் தோப்பின் மறுகோடியில் பட்டுப்போய் நின்ற மாமரங்கள் பக்கம் அனுப்பினார். புளியமரங்கள் தப்பின.

மூன்று வருடத்துக்கு முன்பு நெஞ்சு வலிக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ, திரும்பி வரவில்லை. நான் வேலையில் இருந்தேன். தகவல் வந்தபோது கையெல்லாம் மை. அதைக் கழுவக்கூடத் தோன்றாமல் ஓடிவந்தேன்.

உன்னைச் சந்திக்கும் வரை நான் பெரிய மனிதர்கள் வீட்டு வாசலில் வாய் திறந்தவள் இல்லை. இப்போது இந்த ஊரில் எங்கே மரம் வெட்டப் போகிறார்கள் என்று காதில் விழுந்தாலும் போய் நிற்கிறேன். காரணம் கேட்கிறேன், வேறு வழி சொல்கிறேன். சிலர் நாற்காலி போடுகிறார்கள், சிலர் கதவைச் சாத்துகிறார்கள். நாலு இடத்தில் தோற்றுத்தான் வந்தேன். பள்ளிக்கூட வாசலில் இருக்கும் புங்கமரத்துக்காக ஐந்தாவதாகப் போய்ப் பேசினேன்.

அது நிற்கிறது. இந்த மாசம் பூத்திருக்கிறது.