நிலாவில் சுல்தானைப் பார்த்தவர்கள்

7 நவம்பர் 1955
சுல்தான் திரும்பி வருகிறாராம். தபால் அலுவலகத்தில் இன்று முத்திரை குத்தியதைவிடக் கட்டிப்பிடித்ததுதான் அதிகம். பிரெஞ்சுக்காரர்கள் அவரை நாடு கடத்தி இரண்டு வருஷமாகிறது. கடத்திய வாரமே ஊரார் அவர் முகத்தை நிலாவில் பார்த்துவிட்டார்கள். என் மனைவி யாமினாவும் பார்த்தாள். "மூக்கு தெரியுதா? அதுக்குக் கீழ மீசை. என்னங்க, கண்ணத் தொறந்து பாருங்க!" மொட்டை மாடியில் கழுத்து வலிக்கப் பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஓரம் கருகிய ரொட்டி.

18 நவம்பர்
வந்துவிட்டார். வானொலியில் அவர் குரல் கேட்டதும் அழுதேன் — வெட்கமில்லாமல், மூக்கொழுக.

பூஷைப் என்னைவிட அதிகமாக அழுதான். போன மாதம் வரை பிரெஞ்சு அதிகாரியின் பையைத் தூக்கிக்கொண்டு, யார் வீட்டில் யார் கூடினார்கள் என்று போட்டுக்கொடுத்தவன். இன்று கொடியைப் போர்த்திக்கொண்டு தெருத்தெருவாகப் போனான். நல்ல துணி.

8 டிசம்பர்
நமக்கென்று சொந்தமாக ஒரு மந்திரிசபை! வானொலியில் பெயர்களை வாசித்து முடிப்பதற்குள் ஊரில் ஆளுக்கொரு மந்திரி மச்சானாகிவிட்டார். தலைநகர் ரபாத்தில் மந்திரிசபை என்றால் நம்மூரில் கமிட்டி. தலைவர் ஹாஜி மஃபத்தல், எண்ணெய் வியாபாரி. பிரெஞ்சுக்காரர்கள் காலிசெய்யும் வேலைகள் யாருக்கு என்று இனி கமிட்டிதான் சொல்லும்.

21 ஜனவரி 1956
போஸ்ட் மாஸ்டர் மெஸ்யே பெர்தான் வசந்தத்தில் தன் ஊருக்குக் கிளம்புகிறார். நியாயப்படி அந்த வேலை எனக்குத்தான். இத்தனை வருஷமாக அவருக்குக் கீழே கவுண்டரில் நிற்பவன் வேறு யார்? அலுவலகத்துக்கு மேலே வீடும் உண்டு. இங்கே அண்ணன் குடும்பத்தோடு ஒரே சமையலறை. யாமினாவும் அண்ணியும் பேச்சை நிறுத்திப் பல மாதமாகிறது. "அந்த வீடு மட்டும் கெடைக்கலன்னா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்கிறாள். சும்மா சொல்கிறவள் இல்லை.

3 மார்ச்
நேற்று பாரிஸில் கையெழுத்தாகிவிட்டது. சுதந்திர நாடு. தபால் தலை மட்டும் இன்னும் பழையது.

19 மார்ச்
கமிட்டி முன் நின்றேன். தபாலைப் பற்றி ஒரு கேள்வி கிடையாது. எல்லாருக்கும் ஒரே கேள்வி: சுல்தானை நிலாவில் எந்த நாள் பார்த்தாய்?

எனக்கு முன்னால் பூஷைப். "ரமலான் இருபத்தேழாம் இரவுங்க. மஃரிப் தொழுதுட்டு வெளிய வரேன், தலைக்கு மேல முழு நிலா. என்னப் பாத்துச் சிரிச்சாரு!"

பிறை தேய்ந்து மாதம் முடிகிற இருபத்தேழில் ஏது முழு நிலா? பிறை பார்த்து நோன்பு பிடிக்கிற ஊர் இது! எல்லாரும் "மாஷா அல்லாஹ்" என்றார்கள். ஹாஜிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அவனைக் கமிட்டியிலேயே சேர்த்துக்கொண்டார்கள்.

அடுத்து நான். ஏன் அப்படிச் சொன்னேன்? வாயில் சனியன். "எனக்குத் தெரியலைங்க ஐயா" என்றேன்.

"தெரியலைன்னா கண்ணுல கோளாறு, இல்ல மனசுல கோளாறு" என்றார் ஹாஜி. "எதுன்னு டாக்டர்கிட்ட கேட்டுட்டு வா, கத்தூர்."

22 மார்ச்
கண் பிரமாதம் என்கிறார் டாக்டர். அப்படியென்றால் மனசுதான் கெட்டது. கண் கெட்டது என்று பொய் சொல்லலாம் — குருடனை யார் போஸ்ட் மாஸ்டர் ஆக்குவார்கள்?

யாமினா துணியை மூட்டை கட்டுகிறாள். "ஊரே பாத்துச்சு, ஒங்களுக்கு மட்டும் என்ன கேடு? ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?"

எனக்கு மட்டும் சுல்தான் மேல் பாசம் இல்லையா? இருக்குடி! அவர் நிலாவுல இல்லன்னாலும் இருக்கு!

26 மார்ச்
வாய் வேகவில்லை. அவரை நாடு கடத்திய அந்த ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து மூன்றாம் நாள் பார்த்தேன் என்று கமிட்டியிடம் போய்ச் சொன்னேன். பெருநாள் பத்தாம் பிறை, மூன்று நாள் கழித்தால் நிலா ஏறக்குறைய முழுசு. பொய்யாவது பிறைக் கணக்குக்குச் சரியாக இருக்கட்டுமே.

"எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தாரு?" பூஷைப்புக்குச் சந்தேகம் தீரவில்லை.

"ஹாஜி வீட்டுப் பக்கம்."

ஹாஜி எழுந்து வந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். அத்தர் வாசனை இன்னும் போகவில்லை.

2 ஏப்ரல்
போஸ்ட் மாஸ்டர் கத்தூர். எழுதிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

9 ஜூன்
கமிட்டியில் இப்போது நானும் ஒருவன். இன்று கேள்வி கேட்கும் முறை என்னுடையது.

தபால் பிரிக்கும் வேலைக்கு அல்லால் வந்திருந்தான். அது அவனுடைய பழைய வேலைதான். என் பக்கத்தில் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்தவன், பிரெஞ்சு ராணுவத்தின் தொலைபேசிக் கம்பியை அறுத்துவிட்டுச் சிறைக்குப் போனான். அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு. இப்போதுதான் ஊர் திரும்பியிருக்கிறான். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்தது.

கேட்டேன். "சுல்தானை நிலாவுல எந்த நாள் பாத்தே?"

"எங்கடா பாக்குறது? என்னைப் போட்டிருந்த அறைக்கு ஜன்னலே கெடையாது" என்று சொல்லிச் சிரித்தான். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டான்.

"மனசு சுத்தமா இருந்தா செவுத்துலயே தெரிஞ்சிருக்குமே" என்றான் பூஷைப்.

ஹாஜி தலையாட்டினார். மற்றவர்களும் ஆட்டினார்கள். பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நானும் ஆட்டினேன்.

அல்லால் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். "அடுத்த ஆளக் கூப்பிடுங்க" என்றேன்.