முக்கால் வேக டீச்சர்

என் வாயாடி அண்ணிக்கு,

அங்கேயாவது மற்றவர்களைப் பேச விடுகிறாயா? அண்ணன் பொண்டாட்டி என்றாலும் என்னைவிட ஆறு மாதம் சின்னவள் நீ. அந்தத் தைரியத்தில்தான் ‘நீ’ என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு.

சாமை உமி நீக்கும் மெஷின் நம் புதூர்நாட்டில் இன்னும் சாக்கு போர்த்தியபடியே கிடக்கிறது. போனில் பாடம் கேட்டுத் தேர்வில் தேறியவர்தான் அதைத் தொடலாம். நம் மகளிர் குழுவில் பெயர் கொடுத்தது நீயும் நானும். இப்போது நான் மட்டும். நானும் தேறாவிட்டால் மெஷினை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடுவார்களாம்.

களத்தில் உட்கார்ந்து உன் போனில் பாடம் கேட்போமே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கம்ப்யூட்டர் பொம்பளை ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொல்லுவாள்.

“இன்னா அண்ணி, இவ சோறு துன்னாளா இல்லியா?” என்று கேட்டேன்.

“டீச்சருக்கு ஒடம்பு செரியில்லடி. கம்முனு கேளு.”

அன்றிலிருந்து அவளுக்கு ‘நோயாளி டீச்சர்’ என்று பெயர் வைத்தேன். நீ கொட்டாவி விட்டபோதெல்லாம் உன்னைத் தூங்குமூஞ்சி என்றேன்.

நெஞ்சுவலி வந்த அன்று, ஜீப் மலை இறங்குவதற்குள் நீ போய்விட்டாய். உன் தலை என் மடியில் இருந்தது. பிறந்ததிலிருந்து படபடவென்று பேசியவள், கடைசியாக ஏதோ ஒன்றை மட்டும் மெதுவாகச் சொன்னாய். எனக்கு அதுதான் புரியவில்லை. என்ன சொன்னாய் அண்ணி?

உன் போனைத் தொட மனசு வரவில்லை. என் போனில் பாடத்தை ஏற்றிக் கேட்டேன். டீச்சர் தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுந்த மாதிரி கொட்டினாள். ஒன்றும் பிடிபடவில்லை. ஒத்திகைத் தேர்வில் தோற்றேன்.

பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் கேட்டேன்: “டீச்சர மாத்திட்டீங்களாம்மா? பழைய நோயாளிய இன்னா பண்ணீங்க?”

உன் போனில் டீச்சர் இழுத்து இழுத்துப் பேசியதைச் சொன்னேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உன் போனை வாங்கிப் பார்த்தாள்.

“அதே கொரல்தாங்க்கா. இதுல வேகத்த முக்காலா கொறச்சி வெச்சிருக்காங்க. தானா கொறையாது, யாரோ கையால மாத்தனதுதான்.”

அப்புறம்தான் உன் கொட்டாவிக்கு அர்த்தம் புரிந்தது.

அடுத்தவர் பேசி முடிக்கும்வரை பொறுக்காதவள் நீ. எனக்காக அத்தனை பாடத்தையும் முக்கால் வேகத்தில் கேட்டிருக்கிறாய். ஏன் சொல்லவில்லை? சொன்னால் இந்த அஞ்சாவது படிச்சவள் கூசிப்போவாள் என்றா? எல்லோரையும் கிண்டல் செய்கிற எனக்கு எதுவும் வலிக்காது என்றுதான் ஊரே நினைக்கிறது. நீ மட்டும் அப்படி நினைக்கவில்லையா?

இப்போது உன் போனில்தான் கேட்கிறேன். பக்கத்தில் கொட்டாவி விட ஆளில்லை. பாடத்தின் நடுவே நானே ஒரு கொட்டாவி விட்டுப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை தேர்வு. தேறிவிடுவேன் அண்ணி, சாக்கை நானே எடுப்பேன். அடுத்துப் படிக்க வருகிறவள் திணறினால், அவளுக்குத் தெரியாமல் முக்காலில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். ஏன் இப்படி இழுக்கிறாள் என்று கேட்டால், டீச்சருக்கு உடம்பு சரியில்லை என்பேன்.

உன் நாத்தனார்,
கனகா