எழுதாமப் பசியாறக் கூடாது

என் பிரியத்துக்குரிய கள்ளி, சரசக்காவுக்கு,

ஊரறியக் கள்ளி என்று கூப்பிட்டதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன். வாராவாரம் என்னைக் காக்க வைத்தீர்களே, அதில் கொஞ்சமாவது நீங்களும் காத்திருங்கள்.

தேவகியைத் தஞ்சோங் டாவாய் படகுத்துறையில் நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். கையில் துணிப்பை. புருஷன் வீடே வேண்டாமென்று கிளம்பி வந்தவள். படகு கரைக்கு வருகிறது, அதிலிருந்து யாரோ "தேவி" என்று கூப்பிடுகிறார்கள். அத்தோடு 'தொடரும்' போடச் சொன்னீர்கள். யார் அது என்று கேட்டேன். "ஒனக்குத் தெரிஞ்சா ஒன் மூஞ்சியே காட்டிக் குடுத்துரும்லா. வியாழக்கிழம சொல்றேன்" என்றீர்கள். செவ்வாய்க்கிழமை கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டீர்கள். இப்படியா அக்கா ஒரு கதையைப் பாதியில் விடுவது?

கதை உங்களுடையது, எழுத்து என்னுடையது. அலோர் ஸ்டாரில் மளிகைக் கடைக்கு மேலே, ஒரே சமையலறையில், அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டு வந்த இருவர் சண்டை போடாமல் ஞாயிறு பத்திரிகைக்குத் தொடர்கதை எழுதுகிறோம் என்றால் யார் நம்பினார்கள்? நம் புனைபெயரைப் பார்த்து ஆண்பிள்ளை என்று நினைத்தவர்கள்தான் அதிகம். நீங்கள் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: எழுதாமப் பசியாறக் கூடாது. மழையோ காய்ச்சலோ, நீங்கள் சொல்லச் சொல்ல நான் பத்து வரியாவது கைப்பேசியில் தட்டி முடித்தால்தான் காலைத் தோசை. அந்தத் தொடரில் பாதி என் வயிற்றெரிச்சல்.

நீங்கள் போன பிறகும் சட்டத்தை நான் மீறவில்லை. கருமக்கிரியை முடிந்த மறுநாளே அதே மேசையில் உட்கார்ந்தேன். தேவகியின் அண்ணனைப் படகில் ஏற்றினேன், அழித்தேன். புருஷனை ஏற்றினேன், பார்க்கவே பிடிக்கவில்லை. செத்துப்போன அம்மாவைக்கூட ஏற்றிப் பார்த்தேன். ஒரு வரி நிற்கவில்லை. எழுதவில்லை, அதனால் பசியாறவும் இல்லை. மத்தியானம் வரை வெறும் வயிறு, தலைவலி, எரிச்சல். "ஒரு வாய் சாப்பிடேன்" என்று சொன்ன உங்கள் கொழுந்தனார்மேல் பாய்ந்தேன். பாவம், அந்த மனிதர் இப்போது என்னைப் பார்த்தாலே கடைக்கு இறங்கிப் போய்விடுகிறார்.

பத்திரிகை ஆசிரியர் நல்லவர்தான். இரண்டு மூன்று ஞாயிறு பொறுத்தார். திங்கட்கிழமை கூப்பிட்டார். "இனிமே என்னால தள்ளிப்போட முடியாதும்மா. வியாழன் மத்தியானத்துக்குள்ள வரலன்னா நானே ரெண்டு பத்தியில முடிச்சிடறேன். அந்தப் பொண்ணு கால் வழுக்கிக் கடல்ல விழுந்துட்டான்னு போட்டா போச்சு." உங்களைத் தூக்கிக் கொடுத்தது போதாதா? தேவகியையும் கொடுக்க வேண்டுமா?

புதன்கிழமை காரை எடுத்துக்கொண்டு யான் என்கிற ஊர் வழியாகத் தஞ்சோங் டாவாய்க்கே போனேன். தேவகி நின்ற இடத்தில் நின்றேன். படகுகள் வந்தன, ஆட்கள் இறங்கினார்கள். ஒருவர்கூட எனக்கு வேண்டிய ஆளாக இல்லை. நெத்திலி வாங்கிக்கொண்டு திரும்பினேன். போன காரியம் என்னவென்று கேட்டவர்களிடம் நெத்திலி என்றே சொன்னேன்.

வியாழன் காலை. கைப்பேசித் திரை வெள்ளையாக இருக்கிறது. கீழே கடை திறக்கும் சத்தம் கேட்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் தேவகி கடலில் விழப்போகிறாள். அப்போது உங்கள் வீட்டுக்காரர் மேலே வந்தார். நீங்கள் போனதிலிருந்து பெரிய மாமா அந்தச் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை, வெளியிலேயே சாப்பிட்டுக்கொள்வார். கையில் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம்.

"பசியாறியாச்சாம்மா?"

"இன்னும் எழுதல மாமா."

"எழுதறதுக்கும் பசியாறறதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

சட்டத்தைச் சொன்னேன். அவர் சிரித்தார், இத்தனை நாளில் முதல் தடவையாக.

"அவளா? அவ காலங்காத்தால எதிர்க் கடையில ரெண்டு ரொட்டி சானாயத் தின்னு, ஒரு தே தாரிக் டீயும் குடிச்சிட்டுத்தானம்மா மேல வருவா. 'சின்னவகிட்ட சொல்லிறாதீங்க, பசியில இருந்தாத்தான் அவ வெரசா எழுதுவா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கி வச்சிருந்தா." சொல்லிக்கொண்டே வந்தவர் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார்.

எனக்கு முதலில் வந்தது கோபம். அக்கா, எத்தனை வருஷம் என் வயிறு கூவுவதைக் கேட்டுக்கொண்டு, வாயைத் துடைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்திருந்தீர்கள்! பொட்டலத்தைப் பிரித்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். உங்களைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுதேன்.

வயிறு நிறைந்த பிறகு ஒன்று தோன்றியது. விடியுமுன் வீட்டைவிட்டு வந்த தேவகி என்ன சாப்பிட்டிருப்பாள்? படகில் வருவது யாராக இருந்தாலும் முதலில் அதைத்தானே கேட்க வேண்டும்? அவளிடம் அப்படிக் கேட்க யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். பிறகு கை நிற்கவில்லை. படகிலிருந்து இறங்கியவள் தேவகியின் ஓரகத்தி. துணிப்பையைப் பார்க்கிறாள், ஏன் எங்கே என்று ஒன்றும் கேட்கவில்லை. "பசியாறியாச்சா?" என்கிறாள்.

நீங்கள் நினைத்து வைத்தது வேறு ஆள் என்றால், சொல்லாமல் போனது உங்கள் தப்பு.

அத்தியாயம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இந்தக் கடிதத்துக்குக் கீழேயே அச்சாகியிருக்கிறது, படித்துப் பாருங்கள். நாளைக் காலையும் அதே மேசையில் உட்காருவேன், அதற்கு மறுநாளும். கதை வராத நாளில் வராததைப் பற்றியாவது எழுதுவேன். உங்கள் சட்டத்தை மட்டும் திருப்பிப் போட்டுவிட்டேன்: பசியாறாம எழுதக் கூடாது. பெரிய மாமாவும் இனி மேலேதான் பசியாறுவார். அதை நான் பார்த்துக்கொள்கிறேன் அக்கா.

பசியாறிவிட்டு எழுதும்,
உங்கள் ஓரகத்தி
மாலா