தீவுக் கிணற்றின் முதல் பாட்டில்

12-9-94, திங்கள்

வெயில். பாய்லர் பக்கம் போக முடியவில்லை. நீல லாட் மூன்றாவது முறையாக ஷேடு மாறிவிட்டது. வேலைகள்: பி.எச். தாள் வாங்க. சோடா ஆஷ் சொல்ல. சூசையின் தண்ணீர்.

சூசை எங்கள் சாயப்பட்டறையில் வின்ச் மெஷின் ஓட்டுகிறார். லேபும் ஆட்களின் லீவும் என் பொறுப்பு. வயது நாற்பது இருக்கும். ஊர் தூத்துக்குடிக்கு அப்பால் கடலுக்குள் ஒரு தீவு. மொத்தம் பதினோரு வீடு, ஒரே கிணறு. மனைவி ரோசம்மாள் அங்கே, ஆறு மாதக் கர்ப்பம். தண்ணீர் கரிக்கிறது என்று சிலர், எப்போதும் இப்படித்தான் என்று சிலர். ஒரு பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறார். லேபில் பார்த்துச் சொன்னால் அதன்படி செய்வாராம். கெட்டதென்றால் இந்த வாரமே அழைத்துவர இங்கே பக்கத்து ஊர் நெருப்பெரிச்சலில் ரூம்கூடப் பார்த்து வைத்திருக்கிறார்.

உப்பு அளக்க டைட்ரேஷன் போட்டேன். சிவக்க எவ்வளவு மருந்து இறங்குகிறதோ அவ்வளவு உப்பு. பியூரெட் முழுக்க இறங்கியும் சிவக்கவில்லை. கிணற்றில் இவ்வளவு உப்பு வர வழியில்லை. பாட்டில் மூடியைப் பார்த்தேன். வெள்ளையாகப் பூத்திருந்தது.

"இதை எங்க வெச்சிருந்தீங்க?"

"உப்பு மூடை மேலதான் சார். வேற எங்கன வைக்க?"

சாயத்துக்குப் போடுகிற உப்பு. எரிச்சலாக வந்தது. டெஸ்ட் செல்லாது, பாட்டில்தான் கோளாறு, கழுவி வேறு கொண்டுவரச் சொல்லுங்கள் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார்.

13-9-94

சூசை வீட்டுக்குக் கடிதம் போட்டுவிட்டாராம். "சார் பாத்துட்டாரு, தண்ணி மேல தப்பில்ல, நீ அங்கனயே இருன்னு எழுதிட்டேன்." நான் அப்படிச் சொல்லவில்லை. திருத்த வாயெடுத்தேன், கருப்பு லாட் வந்துவிட்டது.

சூப்பர்வைசர் பழனிச்சாமி அண்ணன்: "ஏனுங் தம்பி, ஷேடு பாக்கவே நேரமில்ல. நீங்க ஊர்க் கிணத்தையெல்லாம் பாத்துட்டிருக்கீங்களாக்கும்?"

20-9-94

மேகமூட்டம். கரன்ட் இல்லை, இரண்டு மணி நேரம் சும்மா. சூசை தரையில் சாக்கட்டியால் தீவை வரைந்தார். முட்டை மாதிரி. உள்ளே இன்னொரு கோடு. இது இப்போதைய கரையாம்.

"கெணத்துலேருந்து கடலுக்கு எங்கய்யா காலத்துல எரநூறு எட்டு வெக்கணும் சார். இப்ப அம்பது வராது. கோயிலுக்குப் பொறத்த கல்லறை. எங்கய்யாவ அங்கதான் அடக்கம் பண்ணுனோம். இப்ப அதுமேல வலை போடலாம்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நேற்றுப் பௌர்ணமி, கடல் வாசப்படி வரை வந்திருக்குமாம்.

பழனிச்சாமி அண்ணன்: "குன்னத்தூர்ல எங்க தோட்டத்துக் கிணறு வத்திக் கெடக்குது சூசை. உங்க கடல அப்பிடியே அங்க திருப்பி உடச் சொல்லு." எல்லாரும் சிரித்தோம். கடல் மட்டம் உயர்வது பற்றி சலூனில் ஒரு பத்திரிகையில் பார்த்த ஞாபகம். நூறு வருஷக் கதை என்று புரட்டிவிட்டேன்.

17-10-94

மழை. பாட்டில் வரவில்லை. கடல் சீற்றம், வள்ளம் போகவில்லை என்றார் சூசை. தீபாவளி ஷிப்மென்ட். லீவு கேட்டார். முடியாது என்றேன். நான்தான்.

9-11-94, புதன்

விடாத மழை. ரோசம்மாளின் தம்பி லூர்து பஸ் பிடித்து நேராக லேபுக்கு வந்துவிட்டான். மூடிக்கு மெழுகு உருக்கி ஊற்றிய பாட்டில்.

இரண்டு முறை போட்டேன். இரண்டு முறையும் முதல் பாட்டில் மாதிரியே, பியூரெட் காலியாகியும் சிவக்கவில்லை.

மணலுக்குள் மழைத்தண்ணீர் லேசு, கடல்தண்ணீர் கனம். நல்ல தண்ணீர் மேலே மிதக்கும். கடல் ஏறி, தீவு சுருங்கினால் அந்தத் தட்டு மெலியும். ஒரு நாள் வாளியில் வருவது கடல்தான். இதைப் படித்தவன் நான். மூடியில் இருந்த உப்பைப் பார்த்தேன், உள்ளே இருந்ததைப் பார்க்கவில்லை.

"இது கிணத்துத் தண்ணி இல்லீங்க. கடல்."

"அப்ப அந்த மொத பாட்டிலு?" என்றார் சூசை.

"அதுவும்."

சூசை பாட்டிலை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துதான்: "அக்காவுக்கு மொகம் காலெல்லாம் வீங்கிக் கெடக்கு மச்சான். தல கிறுகிறுங்குதுங்கா. அதத்தான் குடிக்கா."

மதியமே இருவரும் கிளம்பினார்கள். முதல் பாட்டில் வந்து ஐம்பத்தெட்டு நாள்.

11-11-94

டீயில் உப்பு. பேக்கரிக்காரரிடம் சண்டை போட்டேன். பக்கத்தில் இருந்தவர் அதே டீயைக் குடித்துவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

பியூரெட்டைத் திறந்தால் யாரோ விழுங்குகிற சத்தம். கொடுத்திருக்கலாம் அந்த லீவை.

19-11-94, சனி

தூத்துக்குடியிலிருந்து சூசை ஆபீஸுக்கு போன். பழனிச்சாமி அண்ணன் எடுத்தார். கடல் அடங்கி இப்போதுதான் கூட்டிவர முடிந்ததாம்; ரோசம்மாளுக்கு வள்ளத்திலேயே வலிப்பு. ஆஸ்பத்திரி சேர்ந்தபோது குழந்தைக்கு உயிர் இல்லை. ஆண். தாய் பிழைத்துவிட்டாள்.

"டாக்டர் தண்ணின்னு சொன்னாருங்களா?"

"அதையெல்லாம் அவங்கிட்டக் கேப்பனுங்களா தம்பி?"

உப்பால் பிரஷர் ஏறி வலிப்பு வரலாம். பிரஷர் வேறு எதனாலும் வரும். தெரியும். அந்த வாக்கியத்தை இன்று எத்தனை முறை சொல்லிக்கொண்டேன் என்று தெரியவில்லை.

குழந்தையைத் தீவுக்குக் கொண்டுபோகவில்லையாம். புதைக்க இடம் இல்லை.

5-12-94, திங்கள்

பனி. சூசை வேலைக்குத் திரும்பினார். ரோசம்மாளும் கூட. நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண். ஏழு வீடு காலி, மீதியும் பொங்கலுக்குள் கிளம்பிவிடும் என்றார் சூசை. இனி நெருப்பெரிச்சலில்தான்.

மன்னிப்புக் கேட்க வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அதை விட்டு, உட்காரச் சொன்னேன். டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

வாங்கினாள். குடிக்கவில்லை. உள்ளே பார்த்தாள்.

"இத பாத்துட்டியளா சார்?"

குத்தல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். டிரம் தண்ணீர் எங்கள் போர்வெல் தண்ணீர். சாயத்துக்கு மாதாமாதம் பார்ப்பேன். குடிக்க என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

"இல்லீங்க."

டம்ளரை மேஜைமேல் வைத்தாள். சூசை சட்டென்று அதை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் இருக்கு, குடி" என்றார் அவளிடம். என்னைப் பார்க்காமல்.