கேட்டில் தொங்கிய போர்டு

அத்தா, மீன் ஆணம் அடுப்பு மேல இருக்கு, சுட வெச்சுச் சாப்பிடுங்க.

மக பேரைப் போட்டு நீங்க கேட்டுல மாட்டின ‘வக்கீல் ஹஃப்சா’ போர்டைக் கழட்டிட்டேன். படிப்பு முடியவே இன்னும் ஒரு வருஷம் இருக்குங்க. அப்புறம் பார் கவுன்சில்ல பதியணும், பரீட்சை எழுதணும். எத்தனை தடவைதான் சொல்றது? இன்னிக்கும் கோர்ட்டுல சீனியருக்குக் கேஸ் கட்டுத் தூக்கி, ஜெராக்ஸ் எடுக்கத்தான் போறேன்.

போர்டைப் பார்த்துட்டு எதிர்த்தெரு பொன்னாயியக்கா பத்து மணிக்குப் பாகப்பிரிவினைப் பத்திரத்தோட வராங்களாம். உண்மையை நீங்களே சொல்லிருங்க, எனக்கு வாய் வரல.

ஹஃப்சா

சாவி வழக்கமான இடத்துலதான்.

போர்டை உடைக்கலைங்க. என் துப்பட்டாவுல சுத்தி பீரோ மேல வெச்சிருக்கேன். அந்த நாள் வந்தா நீங்கதான் மாட்டணும்.