வளைந்துபோன இரட்டைத் திருகு

பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
21-2-1969

சிரஞ்சீவி முருகேசனுக்கு அப்பா எழுதுவது. நீயும் காந்தாவும் குழந்தையும் பிலாயில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே உன் அம்மாவும் தம்பியும் நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிறார்கள். என்னைப் பற்றி அப்படி எழுத முடியவில்லை. உன் தம்பி துரைக்கண்ணு என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பலகையை இறுக்கிப் பிடிக்கிற என் இரட்டைத் திருகு வைஸைப் பட்டறை மேசையிலிருந்து கழற்றி, புடவை அழுத்துவதற்காக அவன் தறி முதலாளி நமச்சிவாயம் வீட்டுக்குக் கொடுத்துவிட்டான். திரும்பி வந்தபோது ஒரு திருகு வளைந்திருந்தது, உள்பக்கத் தோலை உரித்துவிட்டிருந்தார்கள். நடந்த அநியாயம் இதுதான். இதை முதலில் எழுதாமல் வேறு எதை எழுதினாலும் எனக்குப் பேனா ஓடாது.

நீ பிலாய் உருக்காலைக்குப் போன பிறகு செய்த சாமான் அது, நீ பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன், நீ கடைசல் வேலைக்காரன், உனக்குச் சட்டென்று புரியும். கடையில் விற்கிற இரும்பு வைஸுக்கு நடுவில் ஒரே திருகு, அகலப் பலகையை அதில் ஓரமாகத்தான் சொருக முடியும், இறுக்கினால் வாய் கோணிக்கொள்ளும், பலகை ஆடும். மெட்ராசில் பழைய புத்தகக் கடையில் ஒரு வெள்ளைக்காரன் புத்தகத்தைப் பார்த்தேன், எழுத்துப் புரியவில்லை, படம் புரிந்தது. இரண்டு நீளக் கட்டைகள், இரண்டு கடைசியிலும் பக்கத்துக்கு ஒரு திருகு, நடுவில் முழுப் பலகையும் நட்டுக்குத்தாக நிற்கும். பழைய இரும்புக் கடையில் புத்தகம் பைண்டு செய்கிற உடைந்த மிஷினிலிருந்து சதுர மரை போட்ட இரண்டு திருகுகளை எடுத்துவந்து நானே செய்தேன். கட்டைகளின் உள்முகத்தில் தோல் ஒட்டினேன், மரத்தில் தழும்பு விழாது, வழுக்கவும் வழுக்காது. மேசைக்கு மேலே நெஞ்சு உயரத்துக்கு அது நிற்பதால் முதுகு வளைக்காமல், பலகையில் கிழித்த கோட்டைக் கண்ணுக்கு நேரே வைத்து ரம்பம் ஓட்டலாம். பெட்டி மூலைக்குப் புறா வால் போல விரிந்த பற்களைச் சீவி ஒன்றுக்குள் ஒன்று பூட்ட வேண்டுமென்றால் பலகை மயிரிழை கூட அசையக் கூடாது, அசைந்தால் பூட்டில் சந்து தெரியும், சந்து தெரிந்தால் அது பூட்டு இல்லை.

இந்த மாசியில் முகூர்த்தம் அதிகம் என்பதால் நமச்சிவாயம் வீட்டில் மடித்த புடவைகளை அழுத்தி வைக்கப் பலகை போதவில்லையாம். உன் தம்பி நல்ல பேர் வாங்குவதற்கு என் வைஸைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறான். நம் நிலத்தைப் பார்க்க நான் தாமல் போயிருந்த நாள் அது, ஏரியில் தண்ணீர் குறைந்துபோய் நம் குத்தகைக்காரர் பயிர் காய்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் முடுக்க வேண்டும். அவர்கள் ஒரு பக்கத்தை முழுசாக முடுக்கிவிட்டு, மறுபக்கம் வரவில்லை என்று கைப்பிடியில் குழாயைச் சொருகி இரண்டு ஆள் தொங்கியிருக்கிறார்கள். அதாவது போகட்டும், நமச்சிவாயத்தின் சம்சாரம் நீலாம்பாள் உள்ளே தோலைப் பார்த்துவிட்டு, முகூர்த்தப் புடவை மேல் மாட்டுத்தோல் படலாமா என்று அதைச் சுரண்டி எடுத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தறியில் பாவு நூலுக்குப் போடுகிற கஞ்சியில் தோய்த்து ஒரு வேட்டித்துணியை ஒட்டிவிட்டாள். கட்டை இரண்டும் ஈரம் குடித்து வில் மாதிரி நிற்கிறது. தாலி கட்டும்போது கொட்டுகிற மேளத்துக்கு என்ன வாழையிலையா போர்த்தியிருக்கிறது என்று நான் கேட்டேன். அதற்கு அந்த அம்மாள், மேளம் புடவை மேலயா குந்துது பெரியவரே என்று திருப்பிக் கேட்டாள். நமச்சிவாயம் மட்டும் தலை குனிந்து, தெரியாம ஆயிப்போச்சுங்க, புதுசா இரும்புல ஒண்ணு வாங்கியாந்து குடுத்துடறேன் என்றார். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துரைக்கண்ணு சொன்னதுதான் இன்னும் காதில் இருக்கிறது. புஸ்தகம் அழுத்தற மிஷின்லருந்து வந்த திருகுதானேப்பா, புடவையை அழுத்தினா என்னா தேஞ்சா பூடும், இதுக்குப் போயி தெருவே கேக்கற மாதிரி கத்திக்கினு இருக்கிறியே என்றான்.

எதற்குக் கத்துகிறேன் என்று உனக்காவது புரிய வேண்டும். நம் தெரு அம்மன் கோயிலில் அம்மனுக்குச் சாத்துகிற பட்டுப் புடவையெல்லாம் வைக்க ஒரு புதுப் பெட்டி செய்யச் சொல்லியிருக்கிறார்கள், பங்குனி உத்திரத்துக்கு முன்னால் கொடுக்க வேண்டும். ஆணி ஒன்று கூடக் கூடாது, ஆணி துருப்பிடித்தால் பட்டு இழையைப் பிடித்து இழுக்கும், கறையும் ஏறும். கோயில் தச்சுவேலை எல்லாம் கலியாணசுந்தரம் ஆசாரி பரம்பரையாகச் செய்வது. தர்மகர்த்தா என் வேலையைப் பார்த்துவிட்டு இதை மட்டும் எனக்குக் கொடுத்தார். ஆசாரி ஒன்றும் சண்டை போடவில்லை, சிரித்தார். ஏர் புடிச்ச கை உளி புடிக்குது, புடிக்கட்டும், ஆனா காலு இருக்கறவனுக்கு எதுக்குய்யா திருகு என்றார். அவர்கள் தரையில் உட்கார்ந்து பலகையைக் காலாலேயே பிடித்துக்கொண்டு அறுக்கிறவர்கள், பழகின கால். என் கால் சேற்றில் பழகினது. கையாவது இருந்தது. கார்த்திகையில் நான் ஏணியிலிருந்து விழுந்ததை உனக்கு யாரும் எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. வைத்தியர் எண்ணெய் போட்டு நீவுகிறார், விரல் கேட்கவில்லை. முருகேசா, அந்த வைஸ்தான் இப்போது என் இடது கை. அதை இறுக்கிவிட்டால் வலது கை ஒன்றே போதும், ரம்பத்தோடு கோட்டைப் பிடித்து இறங்கிவிடுவேன்.

வைஸ் இல்லாமல் முந்தாநாள் காலால் பிடித்துப் பார்த்தேன். தாமல் வீட்டைப் பிரித்தபோது எடுத்துவைத்த வாசக்கதவுத் தேக்கு, அதிலிருந்துதான் பெட்டிக்கு நாலு பக்கப் பலகை இழைத்திருந்தேன். கால் நழுவியது, ரம்பம் கோட்டை விட்டு ஓடியது, ஓரப் பல் பிளந்து கையோடு வந்துவிட்டது. அந்தக் கதவில் மீதி இருப்பது இன்னும் ஒரே ஒரு பலகை. அதுவும் போனால் பெட்டி இல்லை. பெட்டி ஆசாரியிடம் போகும், அவர் நல்ல வேலைக்காரர், நன்றாகவே செய்வார், எனக்கு அதுதான் தாங்காது. ஒரு மனிதனை இனி வேண்டாம் என்று ஒதுக்குவதற்கு இந்த ஊர் காத்திருக்கவில்லை, என் வீடுதான் காத்திருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

எப்படி என்றால், பிளந்த பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றபோது உன் அம்மா வந்தாள். துரைக்கண்ணு எடுத்துப் போனபோது அவளும் வீட்டில்தான் இருந்தாள். ஏன் தடுக்கவில்லை என்று கேட்டேன். நான்தான் எடுத்துக்கினு போவச் சொன்னேன் என்றாள். அது இல்லன்னா நீ சும்மா குந்துவேன்னு நெனச்சேன், அந்தக் கையோட உளியை எடுக்கறப்போ எல்லாம் அடுப்பை வுட்டுட்டு ஓடியாந்து பாக்கறேன், மிச்சம் இருக்கற விரலையும் வெட்டிக்கினு வந்து நின்னா நான் எங்க போவேன் என்றாள். அழவில்லை. சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அதிலிருந்து நான் அவளிடம் பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், சாப்பிடுகிறேன். சும்மா உட்காருவது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை, கார்த்திகையில் படுத்திருந்தபோது நான் பார்த்துவிட்டேன், சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பது. அதற்கு விரல் போவது மேல். எனக்கு வேறு யாரிடமும் சொல்ல வழியில்லை, அதனால் உன்னிடம் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

ஆகையால் செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். நல்ல திருகின் மேல் காகிதத்தைச் சுற்றிப் பென்சிலால் தேய்த்து மரையின் அச்சை எடுத்து இதோடு வைத்திருக்கிறேன், நீளமும் கனமும் அதிலேயே எழுதியிருக்கிறது. அதே மாதிரி ஒரு திருகு நீ கடைந்து தர வேண்டும், கம்பெனி இரும்பில் கம்பெனி நேரத்தில் செய்யாதே, வெளியே ஒரு பட்டறையில் வைத்துச் செய், தபாலை நம்பாமல் அங்கிருந்து மெட்ராஸ் வருகிற யாராவது நம் ஊர்க்காரரிடம் கொடுத்து அனுப்பு. நீ வர வேண்டாம், லீவு போட வேண்டாம். குழந்தைக்குச் சளி என்று எழுதியிருந்தாய், வெந்நீரிலேயே குளிப்பாட்டச் சொல், காந்தா பனியில் தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டாம். கட்டைகளில் ஒட்டின துணியைத் துரைக்கண்ணு தன் கையால் ஊறவைத்து உரித்து நிழலில் காயவைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் அவனைச் சும்மா விடமாட்டேன். புதுத் தோலை நமச்சிவாயம் தானே கடைக்குப் போய் வாங்கிவந்து தர வேண்டும், இரும்பு வைஸ் வேண்டாம், தோல்தான் வேண்டும், நீலாம்பாள் பார்க்கிற மாதிரி தெருவழியே கையில் எடுத்து வர வேண்டும். கலியாணசுந்தரம் ஆசாரி ஒன்றும் செய்ய வேண்டாம், பங்குனி வரை சிரிக்காமல் இருந்தால் போதும்.

உன் திருகு வந்துசேர நாளாகும், அதுவரை பெட்டி காத்திருக்காது. கட்டைகள் காய்ந்ததும் நல்ல திருகை ஒரு பக்கம் போட்டு, வளைந்த திருகு இருந்த பக்கத்தைக் கயிற்றால் கட்டி, கயிற்றில் ஒரு கோலைச் சொருகி முறுக்கிப் பிடித்தால் பலகை நிற்கும். ஆனால் நான் அறுத்து முடிக்கிற வரை அந்தக் கோலை ஒருவர் விடாமல் பிடித்திருக்க வேண்டும். கை நடுங்கக் கூடாது, பேசக் கூடாது, விரலைப் பார்த்துப் பயப்படக் கூடாது. அதைச் செய்ய வேண்டியவள் உன் அம்மா. அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இந்தக் கவரைத் தபாலில் போடப் போகிறவள் அவள்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அதனால் ஒட்டாமல் கொடுக்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் தழைத்து நீடூழி வாழ அம்மன் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு உன் தகப்பன்
கலியன்